ஓடு கண்ணில் படாமல்

இருபத்தேழாம் தேதி.
மீகூன் அரைப் பாக்கெட்,
கிச்சாப் போத்தலின் அடியில் ஒரு விரல் கறுப்பு,
முளைவிட்ட வெங்காயம் ஒன்று,
கீறல் விழுந்துவிட்டதென்று ஆ லெக் கடையில்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட
சி கிரேடு முட்டை மூன்று.

இந்த நேரம் பார்த்துத்தான்
தாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள்
என் நாத்தனார் அமராவதி,
செம்பனை ஆலையின் நாற்றத்தை முந்தானையால் விலக்கிக்கொண்டு,
மழைக்கு முன்பே குடையை விரித்தபடி.

அவள் சைவம்.
கோழி இல்லை, மீன் இல்லை,
நெத்திலி கிளறிய கரண்டி பட்ட சட்டிகூட ஆகாது.
முட்டை உண்டு.
ஆனால் உடைப்பதைப் பார்க்கக் கூடாது.
உடைகிற சத்தம் காதில் விழக் கூடாது.
ஓடு கண்ணில் படவே கூடாது.
பட்டால் அன்றைக்கு அது உயிர்,
படாவிட்டால் பலகாரம்.
எனக்குக் கல்யாணமான பதினோரு வருஷத்தில்
இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி
யாரும் மனுப் போட்டதில்லை.

சும்மாதான் வந்தேன் என்றாள்.
தாப்பாவிலிருந்து சுங்காய்க்கு
யாரும் சும்மா வருவதில்லை.
மோட்டாருக்கு முன்பணமென்று அவள் தம்பி வாங்கிய
ஆயிரத்து இருநூறு வெள்ளியும்
அவளோடு சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தது.
மோட்டார் ஜொகூரில் இருக்கிறது.
அவனும் அங்கேதான் இருக்கிறான் என்பது
போன மாதம் வரை எனக்குத் தெரியும்.

நெத்திலி டப்பாவைச் சீனி டின்னுக்குப் பின்னால் தள்ளினேன்.
சாம்பார் மட்டுமே கண்ட சட்டியைத் தேடி எடுத்தேன்.
மீகூன் வெந்நீரில் கிடந்து இளகட்டும்.
வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து நேரம்,
சிகாமட்டிலிருந்து ஒரு குடும்பமே கத்திக்கொண்டிருந்தது.
இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு
முட்டைகளோடு பின்பக்கம் போனேன்.

சாக்கடையின் சிமெண்டு விளிம்பில்
முதல் முட்டையைத் தட்டினேன்.
நூறாண்டு வாழ்க என்று சிகாமட் மறைத்துக்கொண்டது.
இரண்டாவதையும் அப்படியே.
மூன்றாவது, தட்டவே வேண்டாம்.
விரல் வைத்ததும் விட்டுக்கொடுத்துவிட்டது.
கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.
மஞ்சள் கரு மூன்றும்
ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன.
உப்புப் போட்டு, மிளகாய்த்தூள் போட்டு அடித்தேன்.
அடிக்கிற சத்தத்துக்கு அவளிடம் தடையில்லை.

வெங்காயம் கண்ணுக்கு நல்ல சாக்கு.
ஆனால் முளைவிட்டதில் அவ்வளவு காரம் இருப்பதில்லை.
கறிவேப்பிலை வெடித்தது. முட்டை பொங்கி,
உதிர்ந்து, முட்டை என்று சொல்ல முடியாத ஒன்றானது.
கிச்சாப் போத்தலில் தண்ணீர் விட்டு
இரண்டு தடவை குலுக்கி ஊற்றினேன்.
மீகூன் பழுப்பாகி வாசம் வந்தபோது
மழையும் வந்துவிட்டது.

நன்றாகச் சாப்பிட்டாள்.
தட்டை வழித்துவிட்டு,
நீ எப்பச் சாப்பிடுவே என்றாள்.
பிறகு என்றேன்.
சட்டியை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கை கழுவப் பின்பக்கம் போனாள்.

ஓடுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது எனக்கு.

ஓடிப் போய்க் கதவருகில் நின்றேன்.
தூவானத்தில் குனிந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் அமராவதி.
உள்ளங்கையில் வைத்து நொறுக்கி,
பெயிண்ட் டின்னில் நிற்கும் என் மிளகாய்ச் செடிக்கு
வேரோரமாகத் தூவினாள்.
மூணுதான் இருந்துச்சா என்றாள்,
என் பக்கம் திரும்பாமலே.

உள்ளே வந்து ஈரக் கையால்
வானொலியைக் குறைத்தாள்.
குறைத்தது போதாமல் நிறுத்தினாள்.
தகரக் கூரையில் மழை மட்டும்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்:
எப்பலேருந்து அவன் போன் எடுக்கல?